பட்டிக்கு எந்த நாய்? ஐந்து நாய்கள் வளர்த்த பிறகு என் மதிப்பீடு

ஆட்டுப் பட்டிக்கு எந்த நாய் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், "இரவில் நீங்கள் எங்கே படுப்பீர்கள்?" என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். பட்டியிலேயே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பவருக்கு, குரைத்து எழுப்புகிற நாய் போதும். ஊருக்குள் வீட்டில் படுத்துவிட்டு விடியற்காலையில் பட்டிக்கு வருபவருக்கு அது போதாது. ஆள் இல்லாத நேரத்தில் தானே முடிவெடுத்து, ஆடுகளை விட்டு நகராமல் நிற்கிற நாய் அவருக்கு வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் இனத்தின் பெயரையும் விலையையும் மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதனால் செத்த ஆடுகளின் கணக்கு இன்றும் என் நோட்டில் இருக்கிறது.

நான் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். அதில் பாதிக்கு மேல் மதுரை–ராஜபாளையம் வழித்தடம். ராஜபாளையத்திலிருந்து திரும்பும் வண்டியில் மாதம் ஒருவராவது துண்டில் பொதிந்த வெள்ளைக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை அது முனகிக்கொண்டே இருக்கும். கல்லுப்பட்டி வருவதற்குள் தூங்கிவிடும். அப்போதே எனக்கு ஆசை. 2016-இல் ஓய்வு பெற்றதும் பேரையூருக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு ஏக்கர் கரிசலில் பட்டி போட்டேன். வேம்பூர்ப் பொட்டு ஆடுகள் முப்பதில் தொடங்கி இப்போது எழுபதுக்கு மேல் இருக்கின்றன. கன்னி இன வெள்ளாடுகள் பதினான்கு. வண்டியில் தலை எண்ணிய பழக்கம் போகவில்லை. மாலையில் ஆடுகள் பட்டிக்குள் நுழையும்போதும், காலையில் படலைத் திறக்கும்போதும் எண்ணுவேன்.

2017 தை மாதம் ஒரு காலையில் எண்ணிக்கை ஒன்பது குறைந்தது. படலை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவை தெருநாய்கள். கால் தடத்தைப் பார்த்தால் ஐந்தாறு இருக்கும். ஆறு ஆடுகள் பட்டிக்குள்ளேயே கிடந்தன. மூன்று ஓடை வரை ஓடிக் கிடந்தன. எதையும் முழுதாகத் தின்றிருக்கவில்லை. தொடையையும் தொண்டையையும் கிழித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. நரி வந்தால் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். சிறுத்தை வந்தாலும் ஒன்றோடு போய்விடும் என்று சாப்டூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் சொல்வார்கள். கூட்டமாக வரும் நாய்க்குப் பசி கணக்கில்லை. ஆடு ஓட ஓட அதற்கு வெறி ஏறும். சாலையோரம் கோழிக்கழிவு கொட்டப்படும் ஊர்களில் இந்தக் கூட்டங்கள் பெருகிவிட்டன. எங்கள் பக்கத்தில் பட்டி நாய் முதலில் எதிர்கொள்ள வேண்டிய பகை இதுதான். அடுத்தது, இரவில் வேனோடு வரும் ஆட்டுத் திருடர்கள்.

அந்த வாரமே என் மைத்துனர் தம் வீட்டு அல்சேஷனைக் கொண்டுவந்து விட்டார். நல்ல அறிவுள்ள நாய், சொன்னதைக் கேட்டது. ஆனால் ஆடுகளைச் சும்மா இருக்கவே விடவில்லை. ஓரத்தில் ஒதுங்கிய ஆட்டை ஓடிப் போய் வளைத்து உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. 1899-இல் ஜெர்மனியில் இந்த இனத்துக்கென்று சங்கம் தொடங்கியபோது, மந்தையை ஓட்டும் நாய்களிலிருந்துதான் இதை உருவாக்கினார்கள். மந்தையை நகர்த்துவது அதன் வேலை. மந்தையோடு படுத்துக் காப்பது அதன் வேலை அல்ல. இரட்டை அடுக்கு மயிரோடு எங்கள் பங்குனி வெயிலில் அது இரைத்ததைப் பார்க்க முடியாமல் அந்த மாதம் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து, பஸ் காலத்து ஆசையின்படி ராஜபாளையம். ஒருவரிடம் 7,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்ட அஞ்சல்தலையில் இருப்பது போலவே அழகு. முத்து என்று பெயர் வைத்தோம். மூன்று வாரம் கழித்து என் மனைவிதான் கண்டுபிடித்தாள்: தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் போனால் ஓடி வருகிறது, பின்னால் நின்று எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பவில்லை. முத்துவுக்கு இரண்டு காதும் கேட்காது.

கால்நடை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். முழு வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் சிலவற்றுக்குத் தோலில் மட்டுமல்லாமல் உட்காதிலும் நிறம் தரும் செல்கள் இருக்காது. அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. விற்றவரிடம் போய்க் கேட்டேன். குட்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு பேச்சே கிடையாது என்றார். பணத்தைவிட, அந்தக் குட்டியை யாருக்காவது தள்ளிவிட்டால் போதும் என்று அவர் நினைத்ததுதான் என்னை உறுத்தியது. முத்துவை நாங்கள் தள்ளிவிடவில்லை. வீட்டு முற்றத்தில் ஐந்து வருடம் இருந்து செத்தது.

ஆகவே ராஜபாளையம் வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். குட்டிகள் தூங்கும் நேரத்தில் போங்கள். கண்ணில் படாமல், தரை அதிராமல், கொஞ்சம் தள்ளி நின்று ஒரு கிண்ணத்தைக் கரண்டியால் தட்டுங்கள். மற்றவை விழிக்கும்போது ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தால் அதை விட்டுவிடுங்கள். காலால் தரையைத் தட்டிச் சோதிக்கக் கூடாது. செவிட்டு நாயும் அதிர்வை உணர்ந்து எழுந்துவிடும். தாய், தகப்பன் இரண்டையும் பார்க்காமல் வாங்காதீர்கள். காது நன்றாகக் கேட்கும் ராஜபாளையத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என்னோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் தென்னந்தோப்பில் ஒன்று வைத்திருக்கிறார். வேலிக்கு வெளியே நிற்கும் ஆளை அது பார்க்கும் பார்வையே போதும். தோப்பு வீட்டுக்கு அது பொருந்தும். பகல் முழுவதும் வெயிலில் மந்தையோடு திரிய அந்த வெளிர்த் தோலால் ஆகாது.

2018-இல் சிப்பிப்பாறை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பலர் செய்யும் தவறு இதுதான்.

அந்த நாய் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு வேறு எந்த நாயும் கண்ணுக்குப் பிடிக்காது. ஒட்டிய வயிறு, நீண்ட முகம், கம்பி போன்ற கால்கள். வயிற்றுக்கு மேல் விலா எலும்பு தெரிகிறதே, சோறு போடவில்லையா என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். அதன் உடல்வாகே அப்படித்தான். கரிசல் வெயில் அதை ஒன்றும் செய்யாது. நோயும் குறைவு. கருப்பில் செம்பழுப்பு கலந்த கன்னி நாயும் இதே குடும்பம்தான். கன்னி ஆட்டின் நிறமும் கன்னி நாயின் நிறமும் ஒத்திருப்பதை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஒரே மண் இரண்டையும் ஒரே சாயத்தில் தோய்த்தது போல இருக்கும்.

ஆனால் இது கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய். தலைமுறை தலைமுறையாக முயலுக்காக வளர்த்தது. ஓடுவது எதுவானாலும் துரத்து என்பது அதன் இரத்தத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் நாய் எட்டு மாதம்வரை ஆடுகளோடு சாதுவாகவே இருந்தது. ஒரு நாள் மாலை இடி இடித்தது. மந்தை மிரண்டு பட்டியை நோக்கி ஓடியது. நாயும் ஓடியது. கடைசியில் வந்த குட்டியின் பின்காலைக் கவ்வி உருட்டிவிட்டது. அதைப் பார்த்த மந்தை இன்னும் மிரண்டு, படலில் மோதிச் சரிந்தது. குட்டி அன்று இரவே செத்தது. இரண்டு சினை ஆடுகள் மறுநாள் குட்டி வீசிவிட்டன. நாய் என் காலடியில் வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்குத் தான் தவறு செய்ததாகவே தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது பிறந்ததே அதற்காகத்தான். தெரிந்து வைத்திருக்க வேண்டியவன் நான்.

ஆடு, மாடு இல்லாத உறவினர் ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். காலையும் மாலையும் ஓடவிடுகிறார். நன்றாக இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: முயல் பிடிக்கும் என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். நாயை ஏவிவிட்டாலும் அது வேட்டைதான்.

கோம்பையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. 2019-இல் தேனி மாவட்டம் கோம்பைக்கே போய், தாயையும் பார்த்து வாங்கினேன். செம்பழுப்பு உடல், கரிய வாய், அகன்ற நெஞ்சு. சிங்கம் என்று பேரன் பெயர் வைத்தான். மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கும் ஊர் எங்களுடையது. சிங்கம் வந்த பிறகு அதன் குரலுக்கே பன்றிக் கூட்டம் பக்கத்துக் காட்டோடு நின்றுவிடுகிறது. மோட்டார் அறை வயரைத் திருடியவர்கள் பிறகு வரவில்லை. ஒரு தோட்டத்துக்கும் ஒரு வீட்டுக்கும் காவல் வேண்டுமென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு கோம்பையைச் சொல்வேன்.

பட்டிக்குள் மட்டும் வேண்டாம். காரணம் அதன் கோபம். ஒரு ஆளுக்கு அடங்கும். இரண்டாவது ஆளைச் சகித்துக்கொள்ளும். மூன்றாவது ஆளைக் கடிக்கும். கிடா பிடிக்க வந்த வியாபாரியின் வேட்டியோடு சதையும் கிழிந்து, தடுப்பூசி செலவு முழுவதையும் நான்தான் கொடுத்தேன். முட்ட வந்த கிடாவை ஒருமுறை திருப்பிக் கடித்தும் விட்டது. பகலில் கட்டிப்போட்டு, இரவில் தோட்டத்தில் அவிழ்த்துவிடுகிறோம். ஆடுகள் ஒரு வேலிக்கு இந்தப் பக்கம், சிங்கம் அந்தப் பக்கம். இந்த ஏற்பாட்டில் இன்றுவரை குறை இல்லை. ஆனால் சிறுத்தை நடமாட்டம் உள்ள மலையடிவாரத்தில் இருப்பவர்கள் எந்த நாயையும் இரவில் வெளியில் சங்கிலியில் கட்டாதீர்கள். அது காவல் ஆகாது, இரை வைப்பது ஆகும்.

இப்போது என் ஐந்தாவது நாயான மயிலையைப் பற்றி.

2020 மாசியில் நெல் அறுத்த வயலில் கிடை போட, அதாவது உரத்துக்காக மந்தையை இரவில் வயலில் அடைக்க, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு கீதாரி வந்திருந்தார்; ஊர் ஊராக மந்தையோடு போகும் பெரியவர். நானூறு ஆடுகளுக்கு மூன்று நாய்கள். மூன்றும் சாதாரண நாட்டு நாய்கள். தெருவில் பார்த்தால் திரும்பிப் பார்க்க மாட்டோம். ஒரு இரவு அவரோடு வயலில் படுத்திருந்தேன். நடுச்சாமத்தில் நாய்க்கூட்டம் ஒன்று கண்மாய்க்கரையில் வந்து நின்றது. கிடையிலிருந்த மூன்றும் எழுந்தன. துரத்திக்கொண்டு ஓடும் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை. ஒன்று கரைப் பக்கம் இருபது அடி போய் நின்று குரைத்தது. மற்ற இரண்டும் ஆடுகளுக்கும் இருட்டுக்கும் நடுவில் நின்றன. கால் மணி நேரம் அப்படியே நின்றன. வந்த கூட்டம் போய்விட்டது. பெரியவர் எழுந்திருக்கவும் இல்லை.

"துரத்தாதா அண்ணே?" என்று கேட்டேன்.

"துரத்திப் போனால் கிடைக்கு யார் தம்பி காவல்?" என்றார்.

மூன்று வருடம் நான் வாங்கிப் பார்த்த நாய்களிடம் எதைத் தேடினேன் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. வேகத்துக்கும் ஆத்திரத்துக்கும் நான் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டிக்கு வேண்டியது நிற்கிற குணம். உலகத்தில் மந்தைக் காவலுக்கென்றே பெயர் பெற்ற நாய்களிடமும் இதுதான் இருக்கிறது. நமீபியாவில் 1994 முதல் ஆட்டு மந்தைகளைச் சிவிங்கிப்புலிகளிடமிருந்து காக்க, துருக்கியைச் சேர்ந்த அனடோலியன் வகைக் குட்டிகளை விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். அவை சிவிங்கிப்புலியோடு கட்டிப் புரள்வதற்காக அல்ல. மந்தைக்கு முன்னால் நின்று பெருங்குரலில் குரைத்தால், காயம் பட விரும்பாத அந்த விலங்கு வேறு இரை தேடிப் போய்விடும். ஆடும் பிழைக்கிறது, சிவிங்கிப்புலியும் விவசாயியின் துப்பாக்கிக்குத் தப்புகிறது. அந்த இனக் குட்டியை இங்கே வரவழைக்கலாமா என்று கேட்கிறார்கள். ஐம்பது கிலோ நாய்க்குத் தீனி போடவும், எங்கள் புழுக்கத்தில் அதைக் காப்பாற்றவும் எழுபது ஆட்டு வருமானம் இடம் கொடுக்காது என்பது என் கருத்து.

பெரியவரின் நாய்களில் ஒன்று குட்டி போட்டிருந்தது. கிடைக்குள்ளேயே, ஆட்டுக்குட்டிகளை மூடிவைக்கும் கொடாப்புக்குப் பக்கத்தில். அதில் சாம்பல் வெள்ளை நிறப் பெட்டைக் குட்டி ஒன்றைக் கேட்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்குள் சேர்க்காதே, பிள்ளைகள் தூக்கி விளையாடவிடாதே, பட்டியிலேயே சோறு வை என்று மூன்று சொன்னார்.

எட்டு வாரக் குட்டியாக வந்தது மயிலை. பட்டியின் மூலையில் தடுப்புக் கட்டி, முட்டாத நான்கு கிழட்டு ஆடுகளோடு விட்டோம். நாய்க்குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம்வரை மனம் திறந்திருக்கும். அந்தக் காலத்தில் யாரோடு உண்டு, யாரோடு உறங்குகிறதோ அவர்களைத்தான் தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும். மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்த குட்டி ஒரு வயதில் பட்டியில் கட்டினால் வீட்டைப் பார்த்தே அழும். பேரனைத் தடுப்பது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஒன்பதாவது மாதம் விளையாட்டுப் புத்தி வந்து குட்டிகளின் காதைக் கவ்வி இழுத்தது. அடங்காத மாட்டுக்குக் கழுத்தில் கட்டை தொங்கவிடுவது போல, முழங்காலுக்கு மேல் இடிக்கும்படி ஒரு சிறு கட்டையைக் கட்டிவிட்டேன். ஓடினால் இடிக்கும், நடந்தால் இடிக்காது. இரண்டு மாதம் அப்படி இருந்தது. ஆள் இல்லாமல் தனியாக நம்பி விட ஒன்றரை வயது ஆயிற்று. நாய் வாங்கிய மறுமாதமே காவல் காக்கும் என்று நினைப்பவர்கள் இந்தக் காலக்கணக்கை மனத்தில் வையுங்கள்.

இன்று மயிலை பதினெட்டு கிலோ இருக்கும். கம்பங்கூழ், மிச்சச் சோறு, வாரம் இரண்டு நாள் முட்டையோ கருவாட்டுத் தலையோ. ஆடு ஈனும்போது பத்தடி தள்ளிப் படுத்துக்கொண்டு காக்கையை அண்டவிடாது. 2022-இலிருந்து தெருநாய்க்கு ஒரு ஆடும் போகவில்லை. ஒரு இரவு மட்டும் பின்பக்கத் தொடையில் கிழிந்து நாலு தையல் போட்டோம். அன்றைய காலை எண்ணிக்கை சரியாக இருந்தது.

நாட்டு நாய் என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு வாரத்திலிருந்து பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு வருடம் தவறாமல். உண்ணிக்கு மருந்து. இவற்றைவிட ஆடு வளர்ப்பவர் மறக்கக் கூடாதது குடற்புழு மருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆடு ஒன்று தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து சாவதைப் பார்த்திருப்பீர்கள். நாயின் குடலில் இருக்கும் நாடாப்புழுவின் முட்டை, புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குள் போய், மூளையில் நீர்க்கட்டியாக வளர்வதால் வருவது அது. அந்த ஆட்டின் தலையை நாய்க்குப் பச்சையாகப் போட்டால், புழு திரும்ப நாய்க்கு வந்துவிடும். முதல் இரண்டு வருடத்தில் எனக்கு மூன்று ஆடுகள் அப்படிப் போயின. செத்த ஆட்டை இப்போது ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறேன். நாய்க்கு வேகாத தலையோ குடலோ கொடுப்பதில்லை.

இன நாய்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாற்பது நாள் குட்டியைக் கூடையில் வைத்துக் காட்டுபவரிடம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பேசிய பிறகு, திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்கூட என்னிடம் குட்டி விசாரித்தவர்கள் உண்டு. நம் இனங்கள் பெருகட்டும். அதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. தோட்டத்துக்குக் கோம்பை வாங்குங்கள், தோப்புக்குக் காது சோதித்த ராஜபாளையம் வாங்குங்கள், ஓட இடம் இருந்தால் சிப்பிப்பாறை வளருங்கள். ஆட்டுப் பட்டிக்கு மட்டும், கிடையில் வேலை பார்க்கும் தாய்க்குக் கிடையிலேயே பிறந்த குட்டியைத் தேடிப் போங்கள்.

போன மார்கழியில் மயிலை நான்கு குட்டி போட்டது. ஒன்று தங்கவில்லை. மாசியில் பெரியவர் கிடையோடு வந்தபோது ஒன்றை அவருக்கே கொடுத்தேன். அவருடைய மூத்த நாய் முந்தைய மழைக்காலத்தில் பாம்பு கடித்துச் செத்திருந்தது. ஒன்றை எழுமலைப் பக்கத்தில் நாற்பது ஆடு வைத்திருக்கும் ஒரு பெண், பட்டியைக் காட்டிவிட்டு வாங்கிப் போனார். கடைசிக் குட்டி தடுப்புக்குள் அந்தக் கிழட்டு ஆடுகளில் மிஞ்சிய இரண்டோடு படுத்திருக்கிறது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மாலையில் எண்ணும்போது அதையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறேன்.